வாத்து நன்றாக இருந்தால் கோழிக்குப் பயமில்லையா?

கேள்வி: கம்பம் பக்கம் தோப்பில் நாட்டுக்கோழி, வான்கோழி, கினிக்கோழி, கொஞ்சம் வாத்து எல்லாம் ஒன்றாக வளர்க்கிறேன். ஒரே குட்டையில்தான் தண்ணீர் குடிக்கின்றன. கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்கிறார்கள். என் வாத்துகள் நன்றாக இருக்கின்றன, அப்படியென்றால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ள முடியாது அண்ணே. வாத்தை வைத்துக் கணக்குப் போடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. கிருமி உள்ளே இருந்தாலும் வாத்து தின்னும், நீந்தும், முட்டையும் போடும். ஆனால் அதன் எச்சத்திலும் மூக்குச் சளியிலும் கிருமி குட்டைக்குள் போய்க்கொண்டே இருக்கும். அதே தண்ணீரைக் குடிக்கிற கோழி சாயங்காலம் மேய்ந்துவிட்டு வந்து அடைந்தது, காலையில் செத்துக் கிடக்கும். கோழிக்கு வந்தால் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் பட்டியே காலி. கொண்டையும் தாடியும் வீங்கி நீலம் பாரித்திருக்கும், காலில் செதிளுக்கு அடியில் ரத்தம் கட்டிச் சிவந்திருக்கும். வான்கோழி கோழியைவிட மோசம், கொஞ்சம் கிருமியே அதற்குப் போதும். கினிக்கோழியும் காடையும் தாங்காது. புறா பெரும்பாலும் தப்பிவிடும்.

அதற்காக வாத்துக்கு ஒன்றும் ஆகாது என்றும் இல்லை, எல்லாம் கிருமியின் ரகத்தைப் பொறுத்தது. கேரளாவின் குட்டநாட்டில் 2014இலும், அங்கேயே 2024 ஏப்ரலில் எடத்துவா, செறுதனா பக்கமும் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் ரகம் வந்தபோது முதலில் விழுந்ததே வாத்துதான். கண்ணில் வெள்ளைப் படலம், கழுத்துத் திருகல், தண்ணீரில் ஒரே இடத்தில் வட்டமடிப்பது, இதெல்லாம் தெரிந்தால் அசட்டையாக இருக்காதீர்கள்.

கோழி மட்டும் செத்தால் நம் ஆட்கள் உடனே வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட் நோய்) என்பார்கள். இருக்கலாம், அதுவும் கூட்டமாகத்தான் கொல்லும், பார்வைக்குப் பிரித்துச் சொல்வது கால்நடை மருத்துவருக்கே கஷ்டம், மாதிரி போபாலில் இருக்கிற மத்திய அரசின் விலங்கு நோய் ஆய்வகத்துக்குப் போனால்தான் உறுதியாகும். ஆனால் கோழியோடு வாத்தும் சாகிறது, தோப்பில் காக்கையும் விழுந்து கிடக்கிறது என்றால் சந்தேகம் பறவைக் காய்ச்சல் மேல்தான் போக வேண்டும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: வாத்தை இன்றே தனியாகப் பிரித்து அடையுங்கள், கோழிக்கும் வான்கோழிக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வையுங்கள், குட்டைப் பக்கம் விடாதீர்கள். வாத்துக் கொட்டகைக்குள் போட்ட செருப்போடு கோழிப் பக்கம் போகக் கூடாது (எல்லோரும் கோட்டைவிடுவது இங்கேதான்). மேய்ச்சல் வாத்துக் கூட்டம் வந்தால் தோப்புக்குள் இறக்க விடாதீர்கள். வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. பறவைக் காய்ச்சலின் கொடிய ரகத்துக்கு நம் நாட்டில் தடுப்பூசி போடவும் அனுமதி இல்லை.

திடீரென்று நாலைந்து செத்தால் அறுத்துப் பார்க்காதீர்கள், வாய்க்காலில் வீசாதீர்கள், மிச்சத்தை அவசரமாக விற்கவும் கூடாது. வெறும் கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். செத்த பிறகு சொன்னால் என்ன கிடைக்கும் என்று சிலர் மறைக்கிறார்கள். மத்திய அரசுத் திட்டத்தில் இழப்பீடு, நோயைத் தடுக்கத் துறை அழிக்கிற பறவைக்கும் முட்டைக்கும் தீவனத்துக்கும்தான், தானாகச் செத்ததற்கு இல்லை. ஆகவே சீக்கிரம் சொன்னால்தான் உங்களுக்கு லாபம்.