பொட்டு, தாலி, பள்ளி வேலை: கியூபெக்கில் ஆட்சி மாறினால் நமக்கென்ன?

தங்கச்சி, மொன்றியலில் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லி, "பொட்டும் தாலியும் பிரச்சினையாகுமா, இது கனடாதானே?" என்று கேட்டிருந்தீர்கள். கனடாதான். ஆனால் பள்ளிக்கூடம் கியூபெக் மாகாண அரசின் கையில் இருக்கிறது. இங்கே கட்சி மாறினால் மதம் பற்றிய சட்டமும் மாறும்.

2013ல் பார்ட்டி கியூபெக்குவா என்ற, கியூபெக் தனிநாடு கேட்கும் கட்சியின் அரசு, அரச ஊழியர்கள் பளிச்சென்று தெரியும் மத அடையாளங்களை அணியக்கூடாது என்று ஒரு சாசனம் கொண்டுவந்தது. 2014 ஏப்ரல் தேர்தலில் தோற்றார்கள், சாசனமும் அதோடு போயிற்று. பிறகு வந்த லிபரல் அரசு 2017ல் முகத்தை மூடுவதற்குத் தடை போடுவதோடு நின்றுகொண்டது. 2018 அக்டோபரில் பிரான்சுவா லெகோவின் கட்சி வென்றது; அடுத்த ஜூனிலேயே பில் 21 என்ற மசோதா சட்டமாகிவிட்டது. ஆசிரியர், பொலிஸ், அரச வழக்கறிஞர் என்று பலருக்கும் வேலை நேரத்தில் மத அடையாளம் கூடாது. நீதிமன்றம் அடித்துவிடாமல் இருக்க, சில உரிமைகளை மீறியும் சட்டம் போட இடம் தரும் கனடா உரிமைச் சாசனத்தின் 33ஆம் பிரிவைக் கேடயமாக வைத்தார்கள். அந்தக் கேடயத்துக்கு 5 வருடம்தான் ஆயுள். 2024ல் அதே கட்சி ஆட்சியில் இருந்தபடியால் புதுப்பித்தார்கள்.

சட்டம் வருவதற்கு முன்பே வேலையில் இருந்தவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதே நிர்வாகத்தில் அதே வேலையில் இருக்கும்வரைதான். எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியை ஹிஜாப் அணிபவர். வீடு மாறிப் போய், தினமும் நெடுந்தூரம் பஸ்ஸில் பழைய பள்ளிக்கே வருகிறார். பக்கத்துப் பள்ளியில் இடம் இருந்தும், அது வேறு நிர்வாகம் என்பதால் கேட்க முடியாது. பள்ளி அதிபராகும் ஆசையையும் விட்டுவிட்டார். நல்லாகப் படிப்பிக்கிற ஒருவரை இப்படிக் கட்டிப்போடுவது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனாலும் இங்குள்ள முதியவர்கள் கதைப்பதைப் பொறுமையாகக் கேளுங்கள். அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பள்ளியும் ஆஸ்பத்திரியும் கத்தோலிக்கத் திருச்சபையின் பிடியில் இருந்தன. 1936ல் மாகாண முதல்வர் துப்ளெசியின் ஆட்சியில்தான் சட்டசபையில் சிலுவை மாட்டினார்கள். 1960ல் லெசாஜின் லிபரல் கட்சி வந்தபின் அந்தப் பிடி தளர்ந்து, 1964ல் கல்வி அமைச்சு உருவானது. சிலுவையை இறக்கியது 2019 ஜூலையில், பில் 21 கொண்டுவந்த அதே அரசு. திருச்சபையிடம் பட்ட காயம் உண்மையானது. அதற்கு மருந்தாக இன்றைய சிறுபான்மையினரின் தலைத்துணியை உருவுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் பொட்டுக்கு வருகிறேன். சட்டத்தில் இன்ன இன்ன பொருள் என்று பட்டியல் இல்லை. மத நம்பிக்கையோடு தொடர்புபடுத்தி அணிவதும், பார்ப்பவர் நியாயமாக மத அடையாளம் என்று கருதக்கூடியதும் தடைக்குள் வரும். சிறியது பெரியது என்ற பேதமும் இல்லை. அதனால் யாரும் வாயால் சொல்வதை நம்பாமல், பள்ளி நிர்வாகத்தின் ஆளணிப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்கி வையுங்கள். நேர்முகத்துக்கு முன்பே கேளுங்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபின் அல்ல. தடையைப் பள்ளியின் மற்ற ஊழியர்களுக்கும் விரிக்கும் மசோதா 2025ல் வந்து சட்டமுமாகிவிட்டது, ஆகவே பழைய ஆட்கள் சொல்லும் கதை உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

கோயிலுக்குப் போக, வீட்டில் பூசை செய்ய இந்தச் சட்டத்தால் ஒரு தடையும் இல்லை. குடியுரிமை கிடைத்ததும் மாகாணத் தேர்தலுக்கு வாக்காளராகப் பதிந்துகொள்ளுங்கள். நம்மவர்கள் ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசுக்கான தேர்தலுக்குக் காட்டும் அக்கறையை இதற்குக் காட்டுவதில்லை. உங்கள் வகுப்பறைச் சட்டத்தை எழுதுவது மாகாணத் தலைநகரான கியூபெக் சிட்டிதான்.