வயலை விற்க வேண்டாம்; பிள்ளை இரசாயனவியல் படிக்கட்டும்

களுவாஞ்சிக்குடியிலிருந்து மகளோடு வந்து சென்ற தாய்க்கு,

உயர்தரப் பரீட்சையில் இரண்டாந்தரமும் மருத்துவபீட வெட்டுப்புள்ளி எட்டாமற் போனதில் நீங்கள் கலங்கியிருப்பது நியாயமே. ஆனால் லண்டனிலுள்ள மாமாவின் சொற்கேட்டுப் படுவான்கரை வயலை விற்று, பிள்ளையை வெளிநாட்டுக்கு மருத்துவம் படிக்க அனுப்பும் யோசனைக்கு நான் உடன்படமாட்டேன். அங்கே கட்டணம் வருடாவருடம் டொலரில் கேட்கப்படும். 2022இல் நமது ரூபாய் விழுந்த விதத்தை நீங்களும் கண்டீர்கள். படித்து முடித்துத் திரும்பினாலும், இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையில் சித்தியடைந்த பின்னரே உள்ளகப் பயிற்சி கிடைக்கும். வயல் விற்ற பணம் எத்தனை வருடத்துக்குக் காணும், மீதியை யார் தருவார் என்பதை மாமா எழுத்தில் தரட்டும். மூன்றாந்தரம் எழுதுவதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. பிள்ளை விரும்பவில்லை என்று என் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

அன்று, காபன் சேர்வைகளைத் தொகுக்கப் பயன்படும் கிறிக்னாட் சோதனைப்பொருளைப் பற்றிக் கேட்டபோது, உங்கள் மகள் பதில் சொல்வதற்கு முன் என் மேசையிலிருந்த பேனையை எடுத்துத் தாக்கத்தின் அம்புக்குறிகளை வரைந்தார். குடுவையில் ஈரலிப்பு இருந்தால் ஏன் எல்லாம் பாழாகும் என்று கேளாமலே விளக்கினார். மருத்துவத்தைப் பற்றி அந்த ஒரு மணி நேரத்தில் அவர் வாய் திறக்கவில்லை.

அவருக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில், வந்தாறுமூலையில், உயிரியல் விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது. அதிலிருந்து ஆசிரியர் நியமனத்துக்குப் போகும் பாதை உங்களுக்குத் தெரிந்ததே. நான் சொல்வது வேறு: தாக்கத்தை விரைவாக்கும் உலோக ஊக்கிகளைக் கொண்டு, சேதனச் சேர்வைகளை, அதாவது காபன் சேர்வைகளை, தொகுக்கும் ஆராய்ச்சித் துறை. உயர்தரத்தில் அற்கைன் என்ற வகைக் காபன் சேர்வையை அற்கீன் என்ற வகையாக மாற்றும் பாடத்தில் பலேடியம் என்ற உலோகத்தை உங்கள் மகள் ஏற்கெனவே சந்தித்திருப்பார். அதே பலேடியத்தைக் கொண்டு இரு காபன் அணுக்களைப் பிணைக்கும் வழிகளைக் கண்டதற்காக ஹெக், நெகிஷி, சுசுக்கி ஆகிய மூவருக்கும் 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. இரு வீட்டாரையும் ஓரிடத்தில் இருத்திச் சம்பந்தத்தை ஒப்பேற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும் கலியாணத் தரகரைப் போல, உலோகம் இரு துண்டுகளையும் சேர்த்துவிட்டுத் தான் விலகி மறுபடி வேலைக்கு வந்துவிடுவதால், அது மிகச் சிறிதளவே போதும். கிளினிக்கில் பிரஷருக்குக் கொடுக்கும் லொசாட்டான் குளிசையின் இரு வளையங்களைப் பெருமளவில் இணைப்பதற்கு மேர்க் மருந்து நிறுவனத்தார் வகுத்த முறையும் சுசுக்கியின் தாக்கமே. பலேடியம் விலையுயர்ந்தது, மருந்தில் அதன் மிச்சம் அளவுக்கு மேல் இருக்கவும் கூடாது. ஆகவே நிக்கல், இரும்பு, செம்பு போன்ற மலிவான உலோகங்களை அவ்விடத்தில் அமர்த்தும் ஆராய்ச்சி இன்று பல நாடுகளில் நடக்கிறது.

வேலை சொகுசானதல்ல. குடுவையிலிருந்து காற்றை உறிஞ்சி நைதரசனை நிரப்புவதை மும்முறை செய்து, ஊக்கியைச் சில மில்லிகிராம் நிறுத்துப் போட்டு, இரவு முழுதும் கலக்கவிட்டு, காலையில் வந்து பார்த்தால் ஒன்றும் நடந்திராத நாட்களே அதிகம். மட்டக்களப்பில் இதற்கென்று வேலையும் இல்லை. பிள்ளை வெளியே போகத்தான் வேண்டும்.

ஆனால் போவதற்கு வயல் தேவையில்லை. இங்கே அரச பல்கலைக்கழகத்தில் பாடநெறிக் கட்டணம் இல்லை. இரசாயனவியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தை நல்ல வகுப்பில் முடித்தவர், முதுமாணிப் பட்டம் இல்லாமலே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கலாநிதிப் பட்டத்துக்கு நேரே விண்ணப்பிக்கலாம். இரசாயனத் துறைகளில் அனுமதி பெறுவோருக்குப் பொதுவாகக் கட்டணம் தள்ளுபடியாவதோடு, ஆய்வுகூட வகுப்பு நடத்துவதற்கான மாதப்படியும் கிடைக்கும். ஆங்கிலப் பரீட்சை, விண்ணப்பம், விசா, விமானச்சீட்டு ஆகியவற்றின் செலவு மட்டும் உங்களுடையது. அதை இன்றிலிருந்தே சிறுகச் சிறுகச் சேருங்கள். படி தராமல் இடம் மட்டும் தருவதாக எந்தப் பல்கலைக்கழகம் எழுதினாலும் மறுத்துவிடுங்கள்; இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பெண்பிள்ளை முப்பது வயது வரை படிப்பதா என்று உறவினர் கேட்பார்கள். விசேட வைத்திய நிபுணராக வரும் பெண்ணுக்கும் அந்த வயது தாண்டிவிடும். அவரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

பல்கலைக்கழகப் பதிவுக்கான இறுதித் திகதிக்குள் உரிய படிவங்களைப் பிள்ளையின் கையாலேயே நிரப்பி அனுப்புங்கள். மாமாவுக்குப் பதில் சொல்வதை மட்டும் பிள்ளையிடம் விடாமல், நீங்களும் கணவரும் சேர்ந்து பேசுங்கள்.