திருவருகைக் காலம் முதல் தவக்காலம் வரை பங்கு வழிபாட்டை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி கேட்டவர் இவ்வாண்டுதான் தம் பங்கின் திருவழிபாட்டுக் குழுவுக்குப் பொறுப்பேற்றிருக்கிறார். கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தம் செய்யும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு தொடங்கி, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் வரையுள்ள ஞாயிறுகளையும் விழாக்களையும் எப்படி வகுத்துக்கொள்வது என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். என்ன நடந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. பங்குப் பேரவைக் கூட்டத்தில் எவரும் முன்வராத நேரத்தில் யாரோ உங்கள் பெயரைச் சொல்லியிருப்பார்கள். கையில் ஒரு திருவழிபாட்டு நாள்காட்டியைக் கொடுத்து, "கிறிஸ்துமஸ மட்டும் நல்லா பண்ணிப்போடுங்க, மத்ததெல்லாம் தானா நடக்குமுங்க" என்றும் சொல்லியிருப்பார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு என்னிடமும் அதையேதான் சொன்னார்கள். அதை நம்பி நான் செய்த பிழையைச் சொன்னால், உங்கள் கேள்விக்கான பதிலும் அதற்குள் வந்துவிடும்.

நான் இறையியல் படித்தவள் அல்லள். திருப்பூருக்கு அருகிலுள்ள ஒரு பங்கைச் சேர்ந்தவள்; பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். என் தந்தை உபதேசியாராக, அதாவது பங்கில் மறைக்கல்வி கற்பிப்பவராக, இருந்தவர் என்பதால் நாள்காட்டியைப் பார்க்கும் பழக்கம் சிறு வயதிலேயே வந்தது. விதிகளில் நான் எங்கேனும் தவறியிருந்தால் உங்கள் பங்குத்தந்தை சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

2023ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழா திங்கட்கிழமையில் வந்தது. அப்படி வரும் ஆண்டில் திருவருகைக் காலம் மிகவும் குறுகிவிடும். டிசம்பர் 3 அன்று தொடங்கிய அந்தக் காலம் 24ஆம் தேதி மாலையே முடிந்தது. மொத்தம் 22 நாள்கள், அதைவிடக் குறைவாக அது அமைய வழியில்லை. நான்காம் ஞாயிறும் பிறப்பு விழாவின் முந்தின நாளும் ஒன்றாகிவிட்டதால், காலையில் ஊதா உடையில் திருவருகைக் காலத் திருப்பலி, இரவில் வெள்ளை உடையில் பிறப்புப் பெருவிழாத் திருப்பலி என்று ஒரே நாளுக்குள் இரண்டு காலங்கள் வந்தன. நவம்பரிலேயே இதை நான் நாள்காட்டியில் பார்த்துவிட்டேன். ஆனால் என் மனம் வாசகங்களின் பக்கம் போகவில்லை. ஆள்பலத்தின் பக்கம்தான் போனது. எங்கள் இளைஞர்கள் கட்டிங், செக்கிங், அயர்னிங் என்று நாள் முழுவதும் நின்று வேலை செய்கிறவர்கள். ஞாயிறு காலைத் திருப்பலிக்கும் நள்ளிரவுத் திருப்பலிக்கும் இடைப்பட்ட நேரத்தில் குடில், தோரணம், சீரியல் விளக்கு அனைத்தையும் முடிக்க முடியாது என்று அஞ்சி, சனிக்கிழமை இரவே முடித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஒன்றரை ஷிப்ட் முடித்து, வாரச் சம்பளத்தை வீட்டில் கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்கு மேல் வந்த பிள்ளைகள், மார்கழிக் குளிரில் இரண்டு மணி வரை வேலை செய்தார்கள். அவர்கள் மீது ஒரு சொல் குறையும் எனக்கு இல்லை.

மறுநாள் காலை ஏழு மணித் திருப்பலிக்கு வந்தவர்கள் முழு அலங்காரத்துடன் ஒளிர்ந்த கோயிலுக்குள் நுழைந்தார்கள். யாரோ ஆர்வத்தில் பாலன் இயேசுவின் சுரூபத்தையும் குடிலில் வைத்துவிட்டிருந்தார்கள். வருகைப் பாடலாகப் பாடகர் குழு பிறப்புப் பாடலையே பாடியது. அன்று முதல் வாசகம் வாசித்தது நான். தாவீது ஆண்டவருக்கு ஓர் இல்லம் கட்ட விரும்புவதும், நீயா எனக்குக் கோயில் கட்டப்போகிறாய், உனக்கு நானே ஒரு வீட்டைக் கட்டியெழுப்புவேன் என்று ஆண்டவர் நாத்தான் வழியாகச் சொல்லி அனுப்புவதுமான சாமுவேல் இரண்டாம் நூலின் பகுதி அது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே என் குரல் தடுமாறியது. தொடர்ந்து வாசிக்கப்பட்ட லூக்கா நற்செய்தியில் வானதூதர் அப்போதுதான் மரியாவிடம் வருகிறார். மரியா இன்னும் 'ஆகட்டும்' என்று சொல்லவில்லை. குழந்தையோ எங்கள் குடிலில் படுத்திருந்தது.

திருப்பலி முடிந்ததும், அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த எண்பது வயதைக் கடந்த ஆத்தா ஒருவர் குடிலின் முன் நின்றபடி என்னைக் கூப்பிட்டார். "பாலன் அதுக்குள்ளாற பொறந்துட்டாரா கண்ணு? அப்பறம் ராத்திரிப் பூசைக்கு என்னத்துக்கு வரோணும்?" என்றார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அன்றிரவு அவர் வரவில்லை. குளிர் காரணமாக இருக்கலாம், முழங்கால் வலியாகவும் இருக்கலாம். ஆயினும் அந்தக் கேள்வி என்னை விட்டு இன்றுவரை போகவில்லை.

"அலங்காரம் செய்தால் என்ன குற்றம், மக்கள் மகிழ்ச்சியாக இருக்கக் கூடாதா" என்று இதைப் படிப்பவர்கள் சிலர் கேட்கக்கூடும். திருவருகைக் காலத்தில் பூவே வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, திருச்சபையும் சொல்லவில்லை. உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை, அதன் 305ஆம் எண்ணில், பிறப்பு விழாவின் முழு மகிழ்ச்சியை முன்கூட்டியே வெளிப்படுத்திவிடாத அளவில் மிதமாகப் பூ அலங்காரம் இருக்கட்டும் என்கிறது. 313ஆம் எண்ணில் இசைக்கருவிகளைப் பற்றியும் அதையே சொல்கிறது. 'உன்னதங்களிலே' கீதத்தை நான்கு ஞாயிறுகளும் பாடாமல் வைத்திருப்பதும், அது பெத்லகேமின் வானதூதர்கள் பாடிய பாட்டோடு தொடங்குவதால் அந்த இரவில் புதிதாய் ஒலிக்கட்டும் என்பதற்காகத்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இசைக்கருவி பற்றிப் பேச்சு வந்ததால் நெடுநாள் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தந்தையின் காலத்தில் ஒரு ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு கோயிலே சேர்ந்து பாடியது. இன்று கீபோர்டின் தாளப் பெட்டியும், சுவர் அதிரும் ஒலிபெருக்கியும், ஆண்டுதோறும் மாறும் புது மெட்டுகளும் வந்தபின், மக்கள் கைகட்டி நின்று கேட்கிறவர்களாகிவிட்டார்கள். பாடகர் குழுவினர் உழைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். வாரத்தில் மூன்று இரவுகள் பயிற்சிக்கு வருகிறவர்கள் அவர்கள். ஆனால் பதிலுரைப் பாடலுக்கு மக்கள் பதில் சொல்ல முடியாத மெட்டை எதற்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும்? இதைக் கேட்டதற்காக என்னைப் பழமைவாதி என்றார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.

அந்த ஆண்டுக்குப் பிறகு நாள்காட்டியை வேறு விதமாகப் படிக்கத் தொடங்கினேன். 24ஆம் தேதி இரவில் நாங்கள் எதையெல்லாம் குவித்து வைத்திருந்தோம் என்று எழுதிப் பார்த்தபோது, சிறுவர் நாடகம், வெளிமாநிலத் தொழிலாளர்களின் பாட்டு, அவ்வாண்டு திருமுழுக்குப் பெற்ற குழந்தைகளுக்கு ஆசி, முதியோருக்குச் சிறப்புச் செய்தல் என்று பட்டியல் நீண்டது. இவற்றுள் நாடகம் தவிர ஏனைய அனைத்துக்கும் தகுந்த நாள் ஒன்று அதே குளிர்காலத்தில் இருந்தது. நாங்கள்தான் அந்த நாள்களை வெறுமையாக விட்டிருந்தோம். நாடகத்தை மறைக்கல்வி வகுப்பின் ஆண்டு விழாவுக்கு மாற்றினோம்.

முதலில் திருக்காட்சிப் பெருவிழா. நம் நாட்டில் அது சனவரி 2 முதல் 8 வரை வரும் ஞாயிறன்று கொண்டாடப்படுகிறது. 2025இல் அது சனவரி 5. கிழக்கிலிருந்து ஞானிகள் வரும் அந்த நாளில், எங்கள் பங்கிலுள்ள ஜார்கண்ட் பிள்ளைகள் நம்பிக்கையாளர் மன்றாட்டில் இரண்டை அவர்கள் மொழியில் சொன்னார்கள். தமிழ்க் கோயிலில் இந்தி மொழியா என்று இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். மொழித் திணிப்பின் வலி எனக்கும் தெரியும். அதை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலருடைய தாய்மொழி இந்தியே அன்று. சிலர் வீட்டில் சாத்ரி, சிலர் வீட்டில் குருக். குருக் நம் தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. முதல் மன்றாட்டு குருக்கில்தான் சொல்லப்பட்டது. அதைச் சொன்ன தம்பி, வேலைக்கு வந்து நான்கு ஆண்டுகளில் கோயிலில் தன் வீட்டு மொழி கேட்டது அதுவே முதல் முறை என்றான்.

அடுத்த ஞாயிறு ஆண்டவரின் திருமுழுக்கு விழா. குழந்தைகளுக்கான ஆசியை அன்றைக்கு மாற்றியது நல்ல யோசனைதான். ஆனால் அங்கும் நான் ஒன்றைக் கவனிக்கத் தவறினேன். அந்த ஆண்டு அது சனவரி 12, பொங்கலோ 14. எங்கள் பங்கில் பாதிப்பேர் நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு நாள்தான் விடுமுறை, பொங்கலுக்கோ கம்பெனிகள் நாள் கணக்கில் மூடும் என்பதால் அவர்கள் ஊருக்குப் போவது பொங்கலுக்குத்தான். பதினெட்டுக் குழந்தைகளை எதிர்பார்த்து ஐந்து குழந்தைகளை வைத்துக்கொண்டு நின்றோம். ஆகவே நாள்காட்டியை எடுக்கும்போதே பங்கு மக்களின் விடுமுறைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் திருப்பலியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சனவரி 14 புனித தேவசகாயத்தின் நினைவு நாள். 1752இல் அதே நாளில்தான் அவர் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட அவர், இந்தியப் பொதுநிலையினருள் முதல் புனிதர். ஊருக்குப் போகாமல் இங்கேயே இருக்கும் உள்ளூர்க் குடும்பங்களுக்காக, அன்று காலை அவருடைய நினைவுத் திருப்பலியும், அது முடிந்ததும் கோயில் வளாகத்தில் பொங்கலும் என்று வைத்தோம். மஞ்சள் குலையும் கரும்பும் காணிக்கைப் பவனியில் வந்தன. இதை வேற்றுச் சடங்கு என்று சொல்பவர்கள், 1963 டிசம்பர் 4 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில், மக்களின் பண்பாட்டு மரபுகளை வழிபாட்டில் ஏற்பது பற்றிப் பேசும் 37 முதல் 40 வரையுள்ள எண்களைத் தயவுசெய்து ஒருமுறை வாசியுங்கள்.

2025–26ஆம் ஆண்டுக் காலத்துக்கான கணக்கு இது. நவம்பர் 30 அன்று முதல் ஞாயிறு. மூன்றாண்டுச் சுழற்சியில் முதலாம் ஆண்டு வாசகங்கள், அதாவது மத்தேயு நற்செய்தி. "விழிப்பாயிருங்கள்" என்பதுதான் முதல் நற்செய்தி. இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களிடமே அன்றைய மன்றாட்டுகளை எழுதித் தரச் சொல்லுங்கள். நான்காம் ஞாயிறு டிசம்பர் 21, யோசேப்பின் கனவு. இம்முறை அதற்குப் பிறகு முழுமையாக மூன்று நாள்கள் இருப்பதால் அலங்காரத்துக்கு அவசரம் வேண்டாம். திருக்காட்சி சனவரி 4, ஆண்டவரின் திருமுழுக்கு 11. திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18. இடையிலுள்ள ஐந்து பொதுக்கால ஞாயிறுகளைச் சும்மா கடந்துபோகும் நாள்களாக எண்ணிவிடாதீர்கள். பிப்ரவரி 1 முதல் 15 வரை மூன்று ஞாயிறுகளும் தொடர்ச்சியாக மலைப்பொழிவு வாசிக்கப்படுகிறது. அதற்கு நல்ல வாசகர்களைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம் முன்பே பகுதியைக் கொடுத்துவிடுங்கள்.

முதியோருக்கு உரிய நாள் பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழா. கோயிலில் காத்திருந்த முதியவர்களான சிமியோனும் அன்னாவும் குழந்தை இயேசுவைக் கண்டுகொண்ட நாள் என்பதால் அவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. 2025இல் அது ஞாயிறாக வந்தது. பொங்கலுக்குப் போனவர்களும் திரும்பியிருந்தார்கள். மெழுகுவத்திப் பவனியின் முன்வரிசையில் முதியோரை நடக்கச் செய்தோம். குடிலின் முன் என்னைக் கேட்ட அந்த ஆத்தாவும் பேத்தியின் தோளைப் பிடித்தபடி நடந்தார். 2026இல் அது திங்கட்கிழமை. எனவே மாலை ஏழரை மணிக்குத் திருப்பலி வைக்கும்படி பங்குத்தந்தையிடம் இப்போதே கேட்டிருக்கிறேன். நடக்க முடியாதவர்களை அழைத்துவர இரண்டு ஆட்டோக்களுக்கும் சொல்லி வைத்தாயிற்று.