மாடல் ராக்கெட் கிட்: பெட்டியைப் பார்க்கும் முன் மைதானத்தைப் பாருங்கள்

கேள்வி: பத்து வயது மகன் மாடல் ராக்கெட் வேண்டும் என்று விடாமல் கேட்கிறான். கடைக்குப் போனால் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள். ஒன்று மலிவு, இன்னொன்று அதைப்போல இரண்டு மடங்கு விலை. எதை வாங்குவது?
(டல்லாஸ் பக்கத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: மலிவான பெட்டியில் இருப்பது ராக்கெட் மட்டும்தான். அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, ஃபின்கள் (வால் பக்கத்துச் சிறகுகள்), பாராசூட், அதை உடலோடு கட்டும் ரப்பர் நாடா, அவ்வளவுதான். அதை எவ்வளவு அழகாக ஒட்டி முடித்தாலும் பறக்கவிட முடியாது. பறக்க மோட்டார் வேண்டும். அதைப் பற்றவைக்க ஸ்டார்ட்டர் என்கிற மெல்லிய கம்பி, அந்தக் கம்பிக்கு மின்சாரம் கொடுக்க பேட்டரியில் ஓடும் கன்ட்ரோலர், ராக்கெட் நேராகக் கிளம்ப கம்பி நட்ட மேடை, பாராசூட் கருகாமலிருக்கத் தீப்பிடிக்காத மெல்லிய தாள். இத்தனையும் தனி.

'லாஞ்ச் செட்' என்று போட்டிருக்கும் பெட்டியில் மேடையும் கன்ட்ரோலரும் சேர்ந்து வரும். விலை வித்தியாசம் அதற்குத்தான். ஆனால் அதிலும் மோட்டார் உண்டா இல்லையா என்று பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். பல செட்களில் மோட்டார் கிடையாது; கன்ட்ரோலருக்கான பேட்டரியும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன் எல்லாவற்றையும் ஒட்டி முடித்துவிட்டு ஏமாந்து நிற்கக் கூடாது.

மேடையும் கன்ட்ரோலரும் ஒருமுறைச் செலவு. பத்திரமாக வைத்தால் வருடக்கணக்கில் உழைக்கும். தொடர்ந்து பணம் கேட்பது மோட்டார்தான். ஒரு மோட்டார், ஒரு பறத்தல், அத்தோடு தீர்ந்தது. ஆகவே பட்ஜெட் போடும்போது கிட்டின் விலையோடு குறைந்தது இரண்டு பாக்கெட் மோட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஸ்டெஸ் நிறுவனத்தின் சாதாரண 18 மில்லிமீட்டர் மோட்டார்கள் மூன்று கொண்ட பாக்கெட்டாக, ஸ்டார்ட்டரோடு வருகின்றன.

மேடைக்குச் செலவழிப்பதற்கு முன் இன்னொரு வழியையும் பாருங்கள். அமெரிக்காவில் 1957 முதல் இயங்கும் தேசிய ராக்கெட்ரி சங்கத்துக்கு (நார் என்று சொல்வார்கள்) பல ஊர்களில் கிளைகள் உண்டு. அவர்கள் கூட்டாக ராக்கெட் விடும் நாட்களில் மேடை, கன்ட்ரோலர், அனுமதி வாங்கிய மைதானம் எல்லாம் தயாராக இருக்கும். உங்கள் ராக்கெட்டையும் மோட்டாரையும் கொண்டுபோனால் போதும். மகனுக்கு இதில் உண்மையிலேயே ஆர்வம் நிற்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும். அப்புறம் செட் வாங்கலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

எந்த ராக்கெட்? முதல் ராக்கெட்டுக்கு எஸ்டெஸின் ஆல்ஃபா 3 நல்லது. ஃபின்கள் ஒரே பிளாஸ்டிக் துண்டாக வருவதால் கோணல் ஆக வழியில்லை. ஆனால் அது ஆயிரம் அடி வரை போகக்கூடியது, பெரிய இடம் வேண்டும். கையில் இருப்பது பள்ளி மைதானம் அளவு இடம்தான் என்றால் பிக் பெர்த்தா பாருங்கள். இரண்டடி உயரம், தடித்த உடம்பு. மெதுவாகக் கிளம்பும், ஐந்நூறு அடி வாக்கில் நின்றுவிடும். மேலே போவதையும் இறங்குவதையும் கண்ணால் தொடர முடியும், பிள்ளைகளுக்கு அந்த மகிழ்ச்சிதானே முக்கியம். பால்சா மர ஃபின்களை நீங்களே ஒட்ட வேண்டும், அதற்குக் கொஞ்சம் பொறுமை தேவை. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் உயரத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள்.

கேள்வி: ஏ8-3, பி6-4, சி6-5 என்று மோட்டார்களில் எழுதியிருப்பது என்ன? கடைக்காரர் "சி எடுங்கள், அதுதான் பவர்" என்கிறார்.

பதில்: எழுத்து, மோட்டார் எரிந்து முடியும்வரை தரும் மொத்த உந்தலை, அதாவது விசையை நேரத்தால் பெருக்கினால் வருவதைச் சொல்கிறது. ஏ என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-வினாடி, பி 5, சி 10, டி 20. ஒவ்வொரு எழுத்துக்கும் உச்சவரம்பு இரட்டிப்பாகும். அடுத்த எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கோடுக்குப் பிறகு வரும் எண்தான் பலரும் கவனிக்காமல் விடுவது: மருந்து எரிந்து முடிந்தபின் எத்தனை வினாடி கழித்துப் பாராசூட்டை வெளியே தள்ளும் சிறு வெடிப்பு நிகழும் என்பது. சி6-5 என்றால் ஐந்து வினாடி.

அந்த ஐந்து வினாடியில் ராக்கெட் வேகத்திலேயே மேலே போய், உச்சியில் கிட்டத்தட்ட நின்றுவிட வேண்டும். அந்த நேரத்தில் பாராசூட் விரிந்தால் எந்த இழுப்பும் இல்லை. கனமான ராக்கெட்டுக்கு நீண்ட தாமதம் உள்ள மோட்டாரைப் போட்டால், அது தலைகீழாகி வேகமெடுத்து இறங்கும்போது பாராசூட் திறக்கும். நாடா குழாயைக் கிழித்துவிடும், அல்லது தரையில் குத்திய பிறகுதான் திறக்கும். ஆகவே கிட்டின் முகப்பு அட்டையிலோ கையேட்டிலோ பரிந்துரைத்திருக்கும் மோட்டார் எண்ணை முழுதாகப் பார்த்து வாங்குங்கள், எழுத்தை மட்டும் பார்த்தல்ல.

கடைக்காரர் சொன்ன பவர் விஷயத்துக்கு வருவோம். ஆல்ஃபா 3 போன்ற எடை குறைந்த ராக்கெட் சி மோட்டாரில் 300 மீட்டர் போகிறது என்று வையுங்கள். பாராசூட்டில் வினாடிக்கு 4 மீட்டர் வீதம் இறங்கினால் தரைக்கு வர 75 வினாடி. காற்று வினாடிக்கு 4 மீட்டர், அதாவது மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், ராக்கெட் 300 மீட்டர் தள்ளிப்போய் விழும். சி மோட்டாருக்கு நார் பாதுகாப்பு விதி கேட்கும் மைதானமே பக்கத்துக்கு 400 அடி, அதாவது 120 மீட்டர்தான். அடுத்த தெருக் கூரையிலோ மரத்திலோ போய்த் தேட வேண்டியதுதான். அதே ராக்கெட் ஏ மோட்டாரில் ஒரு 90 மீட்டர் போனால் காற்றில் நகர்வதும் சுமார் 90 மீட்டர்தான். முதல் பறத்தலுக்கு ஏ வாங்குங்கள். அது சரியாகத் திரும்பி வந்தால் பி. சி-யை நல்ல திறந்தவெளி கிடைக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாராசூட்டின் நடுவில் வட்டமாக ஒரு துளை வெட்டினாலும் சீக்கிரம் இறங்கும். டெக்சாஸ் வாசகர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: காய்ந்த கோடையில் கவுன்டி நிர்வாகம் வெளியில் தீ மூட்டத் தடை போட்டிருந்தால் அன்று ராக்கெட் வேண்டாம். பூங்காவில் விடுவதென்றால் பூங்காத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒட்டிய ஃபின் முதல் தடவை இறங்கியதிலேயே கழன்று விட்டது. பசை சரியில்லையா, கிட் சரியில்லையா? இன்னொரு கிட்டில் ஒரு பாகமே இல்லை. கடையில் திரும்ப எடுக்க மறுக்கிறார்கள்.

பதில்: சூப்பர் குளூ போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது உடனே பிடிக்கும், ஆனால் அதிர்ச்சி தாங்காது. அட்டைக்கும் பால்சாவுக்கும் மரவேலைக்கான மஞ்சள் பசை அல்லது சாதாரண வெள்ளைப் பசை போதும், விலையும் குறைவு. செய்முறை இப்படி. ஃபினின் ஓரத்தையும் குழாயில் அது உட்காரும் கோட்டையும் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ஃபினின் ஓரத்தில் மெல்லிய கோடாகப் பசை வைத்து, குழாயில் ஒற்றி, எடுத்துவிடுங்கள். ஒரு நிமிடம் காயட்டும். பிறகு இன்னொரு மெல்லிய கோடு வைத்து அழுத்தினால் சில வினாடியில் கவ்விக்கொள்ளும், கையை எடுத்தாலும் சாயாது. நன்றாகக் காய்ந்தபின் இரு பக்கமும் மூலையில் பசையை விரலால் இழுத்துவிடுங்கள். இப்படிச் செய்த ஃபின் கீழே விழுந்தால் மரம் உடையும், ஒட்டு விடாது.

ஒட்டும் முன் ஃபினில் மரநார் போகும் திசையையும் பாருங்கள். அது முன் விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்கே போனால் கையாலேயே ஒடிக்கலாம்.

பாகம் இல்லாத கிட் விஷயம்: பெட்டியைத் திறந்ததும், பசையைத் தொடும் முன், கையேட்டில் உள்ள பாகப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். ஒட்டத் தொடங்கிய கிட்டைப் பெரும்பாலும் எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. நீங்கள் இன்னும் ஒட்டவில்லை என்றால் கடையோடு மல்லுக்கட்டுவதைவிட, பில், போட்டோ இரண்டையும் வைத்துத் தயாரிப்பாளருக்கே எழுதுங்கள். ஒரு பாகத்துக்காகக் கேட்டால் பலன் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கேள்வி: பக்கத்து வீட்டு கராஜ் சேலில் பழைய மோட்டார்கள் ஒரு பெட்டி நிறைய, பாதி விலைக்கு. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே இருப்பது அழுத்தி இறுக்கிய கருமருந்து. கராஜின் வெயிலிலும் குளிரிலும் மாறி மாறிக் கிடந்தால் அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். பற்றவைத்ததும் மோட்டார் வெடித்து ராக்கெட்டே சிதறலாம். மோட்டாரில் தேதிக் குறியீடு அச்சிட்டிருக்கும், ஆனால் அது எங்கே கிடந்தது என்பதை அந்தக் குறியீடு சொல்லாது.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். மகளுக்கு ராக்கெட் கிட்டும் நாலு பாக்கெட் மோட்டாரும் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லலாமா?
(கோவையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கிட் சரி. மோட்டார் கூடவே கூடாது. அமெரிக்க விமான விதிகளின்படி மாடல் ராக்கெட் மோட்டாரைக் கைப்பையிலும் எடுத்துப்போகக் கூடாது, செக்-இன் பெட்டியிலும் போடக் கூடாது. மச்சானைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். இந்தியாவிலும் 1884-ஆம் வருடத்து வெடிபொருள் சட்டம், 2008-ஆம் வருடத்து விதிகள் இரண்டும் இருக்கின்றன. வெடிபொருளைத் தயாரிக்க, இறக்குமதி செய்ய, விற்க உரிமம் வேண்டும். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்கிற மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இதைக் கவனிக்கிறது. ஆன்லைனில் யாராவது மோட்டாரோடு கிட் விற்றால் முதலில் உரிம எண்ணைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

சர்க்கரையும் பொட்டாசியம் நைட்ரேட்டும் கலந்து வீட்டிலேயே மோட்டார் செய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். 1950-களில் அமெரிக்கச் சிறுவர்கள் இரும்புக் குழாயில் வீட்டு மருந்தை அடைத்து விரல்களையும் கண்களையும் இழந்தார்கள். நெப்ராஸ்காவின் ஆர்வில் கார்லைல், தயாராகச் செய்து வைத்த மோட்டாரைக் காகித ராக்கெட்டில் பொருத்தும் வழியைக் கொண்டுவந்தார்; எஸ்டெஸ் நிறுவனத்தைத் தொடங்கிய வெர்னன் எஸ்டெஸ் மோட்டார் அழுத்தும் இயந்திரம் செய்தார்; அதனால்தான் பிள்ளைகள் மருந்தைக் கையால் தொடவே வேண்டாம் என்றானது.

மகளுக்குத் தண்ணீர் ராக்கெட் வாங்கிக் கொடுங்கள், அல்லது சேர்ந்து செய்யுங்கள். இரண்டாந்தரம் என்று நினைக்க வேண்டாம். ஆசிய-பசிபிக் விண்வெளி அமைப்புகள் பள்ளி மாணவர்களுக்கென நடத்தும் நிகழ்ச்சியே தண்ணீர் ராக்கெட்டில்தான். கேஸ் அடைத்த குளிர்பானம் வரும் பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும்; அது அழுத்தம் தாங்கும்படி செய்தது, சாதாரண தண்ணீர் பாட்டில் அப்படியல்ல. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, தள்ளி நின்று கயிற்றால் விடுவிக்க வேண்டும். ஃபின்களை ஒட்ட சூடான பசைத் துப்பாக்கி ஆகாது, பாட்டில் இளகிப் பலம் குறையும். கீறல் விழுந்த பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பம்ப் வாங்கும்போது அழுத்தம் காட்டும் மீட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மீட்டர் இல்லாதது மலிவாகக் கிடைக்கும், இந்த வேலைக்கு அது வேண்டாம். 60 பி.எஸ்.ஐ.யைத் தாண்டாமல் அடியுங்கள்.