முக்திநாத்துக்கு வடக்கே ஒரு பழைய இராச்சியம்

கேள்வி: முக்திநாத் யாத்திரை செல்லவிருக்கும் நாங்கள், லோ மாந்தாங் என்னும் பழைய தலைநகரையும் ஜீப்பில் ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா? எங்களில் இருவர் அறுபதைக் கடந்தவர்கள்.
— வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: ஒரே நாளில் செல்லவே வேண்டாம். முக்திநாத்தைப் போலவே லோ மாந்தாங்கும் ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடையிலுள்ள கணவாய்களோ அதைவிட உயரமானவை. ஆகவே ஜோம்சோமிலோ காக்பேனியிலோ ஓர் இரவாவது தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு, வழியில் சாராங் கிராமத்தில் நின்று, லோ மாந்தாங்கில் இரண்டு இரவுகள் தங்குங்கள். மூத்தவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

அந்த ஊருக்கு அவ்வளவு நேரம் தகும். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெ பால் என்னும் மன்னர் நிறுவியதாகக் கருதப்படும் லோ இராச்சியம், திபெத்தின் உப்பு தெற்கேயும் தெற்கின் தானியம் வடக்கேயும் சென்ற காளி கண்டகி ஆற்றுப் பாதையைத் தன் கைக்குள் வைத்திருந்ததால் செழித்தது. அந்தச் செல்வம் எழுப்பிய மண்மதிலும், அதனுள் உயர்ந்து நிற்கும் அரண்மனையும், ஜம்பா, துப்சென் என்னும் 15ஆம் நூற்றாண்டுப் பௌத்த ஆலயங்களும் இன்றும் இருக்கின்றன. புகையும் ஈரமும் மங்கவைத்திருந்த அவ்வாலயச் சுவரோவியங்களைத் துலக்கியதில் பயிற்சி பெற்ற உள்ளூர் மக்களுக்குப் பெரும் பங்குண்டு என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. ஓவியங்களை அவசரமின்றிப் பாருங்கள். நேபாளத்தை ஒருங்கிணைத்த கோர்க்கா மன்னர்களின் ஆட்சியின் கீழ் வந்த பின்னும் தொடர்ந்த மன்னர் பட்டம், நேபாளம் குடியரசான 2008இல் நீக்கப்பட்டது. கடைசி மன்னர் ஜிக்மே பால்பர் பிஸ்டா 2016இல் காலமானார்.

1992 வரை அயல்நாட்டுப் பயணிகளுக்கு மூடியிருந்த, மேல் முஸ்தாங் எனப்படும் இப்பகுதிக்குள், பதிவுபெற்ற பயண நிறுவனத்தின் வழியே தனி அனுமதி பெற்று, வழிகாட்டியுடன்தான் செல்ல முடியும். நேபாளத்துக்கு விசா தேவையில்லை என்பதால் இந்தியர்களுக்கு இந்த அனுமதியும் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். டாலரில் வசூலிக்கும் இக்கட்டணம் அதிகம். முன்பணம் தரும் முன் அன்றைய தொகையைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருங்கள்.

கேள்வி: எந்த மாதம் ஏற்றது?
— அதே வாசகி

பதில்: மே அல்லது அக்டோபர். மே மாதத்தையொட்டி லோ மாந்தாங்கில் மூன்று நாள் நடைபெறும் திஜி என்னும் பௌத்த விழாவின் தேதி திபெத்திய நாட்காட்டிப்படி மாறும். அன்னபூர்ணா, தவளகிரி மலைகளின் மழைமறைவில் இருப்பதால் மேல் முஸ்தாங்கில் ஆடி மாதத்திலும் மழை குறைவுதான். ஆனால் அங்கே செல்லும் கீழ்ப்பகுதிச் சாலையில் மண் சரியும், பொக்காராவிலிருந்து ஜோம்சோம் செல்லும் விமானங்களும் அடிக்கடி ரத்தாகும். எந்த மாதமானாலும் பள்ளத்தாக்கில் நண்பகலுக்கு முன்பே பலத்த காற்று எழுந்துவிடும். எனவே அன்றாடப் பயணத்தை விடியலிலேயே தொடங்குங்கள்.