சம்பள ஒப்பந்தம் முதல் உள்விசாரணை வரை: தொழிற்சங்கக் கேள்வி-பதில்

இந்த முறை எனக்குக் கேள்வி எழுதியவர்களில் பெரும்பாலோர் சங்கப் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர்கள். ஊரையும் தொழிலையும் தவிர மற்ற அடையாளங்களை எடுத்துவிட்டேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மூன்று வருட ஒப்பந்தத்துக்கு 9,000 ரூபாய் உயர்வு தருவதாக நிர்வாகம் சொல்கிறது. பக்கத்துக் கம்பெனியில் 8,500-க்குத்தான் முடித்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிடலாமா? (ஒரகடம்)

கொஞ்சம் பொறுங்கள். 9,000 எப்படிப் பிரிந்து வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

முதல் வருடம் 40 சதவீதம், அடுத்த இரண்டு வருடங்களில் தலா 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் மாதம் 3,600, இரண்டாம் வருடம் 6,300, மூன்றாம் வருடம்தான் முழு 9,000. மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கையில் வருவது 2,26,800 ரூபாய். பக்கத்துக் கம்பெனியில் 8,500-ஐ 60:20:20 என்று பிரித்திருந்தால், முதல் வருடமே மாதம் 5,100 வந்துவிடும். அடுத்து 6,800, அப்புறம் 8,500. மொத்தம் 2,44,800. அதாவது 500 ரூபாய் குறைவாக முடித்தவர்களுக்கு, தலைக்கு 18,000 ரூபாய் அதிகம் கிடைக்கிறது. கேட் மீட்டிங்கில் சொல்வதற்கு 9,000 நன்றாக இருக்கலாம். ஆனால் வீட்டுக்குப் போகிற பணம் வேறு.

அடுத்தது, இந்த 9,000 கைக்கு வருகிற உயர்வா, சி.டி.சி. உயர்வா? சி.டி.சி. என்றால் ஒரு தொழிலாளிக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. நிர்வாகம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது, போனஸ், சில இடங்களில் கேன்டீன், பஸ் செலவு உயர்வு வரை அதற்குள் அடக்கிவிடுவார்கள். எது எது அடங்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னது நடவடிக்கைக் குறிப்பில்கூட ஏறாது.

மூன்றாவது, அடிப்படைச் சம்பளத்தில் எவ்வளவு, அலவன்ஸில் எவ்வளவு? 5,000 ரூபாய் அடிப்படையில் ஏறினால், 20 வருட சர்வீஸ் முடித்துப் போகிறவருக்கு அந்த உயர்வுக்கு மட்டும் கிராஜுவிட்டி சுமார் 57,700 ரூபாய் கூடும் (5,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 20-ஆலும் பெருக்கிப் பாருங்கள்). அதையே வேறு பெயரில் அலவன்ஸாகக் கொடுத்தால் இந்தத் தொகை வராமலே போகலாம். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, சம்பளக் கணக்கில் சேராமல் விலக்கப்பட்ட அலவன்ஸ்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியைச் சம்பளமாகவே கணக்கிட வேண்டும். உங்கள் சம்பளச் சீட்டு அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்.

கையெழுத்துக்கு முன்னால் இன்னொரு வேலையும் இருக்கிறது. போன வருடம் சேர்ந்தவர், பத்து வருடம் ஆனவர், அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர் என்று மூன்று பேருடைய உண்மையான சம்பளச் சீட்டை எடுத்து, மூன்று வருடக் கணக்கைக் கமிட்டியே போடட்டும். ஓய்வு பெறுகிறவருக்கு முதல் வருட உயர்வு மட்டுமே கிடைக்கும் என்பது அப்போதுதான் பலருக்கு உறைக்கும். இந்தக் கணக்கை என்னைப் போன்ற ஆலோசகரிடம் கொடுத்து வாங்காதீர்கள். கமிட்டியில் இரண்டு பேராவது தாமே போட்டுப் பார்த்தவர்களாக இருந்தால், பேச்சுவார்த்தை மேஜையில் நிர்வாகம் விகிதத்தை மாற்றிச் சொல்லும் அந்த நிமிடமே பதில் சொல்ல முடியும். நான் அந்த அறையில் இருக்க மாட்டேன்.

உற்பத்தி உயர்வு ஷரத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ் என்ற எண் ஒப்பந்தத்தில் ஏறினால், அந்த மூன்று வருடமும் அதைத் தூக்கிச் சுமக்க வேண்டியவர்கள் லைனில் நிற்கிறவர்கள்தான்.

கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறது என்று ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் சொல்கிறார்கள். உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்களில் யாரும் காமர்ஸ் படித்தவர்கள் இல்லை. (ஓசூர்)

பதிவு பெற்ற கம்பெனி என்றால் அதன் ஆண்டுக் கணக்கு மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் தாக்கலாகியிருக்கும். சிறு கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கடைசி ஐந்து வருடக் கணக்கையும் எடுங்கள். ஒரு வருடத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

காமர்ஸ் படிப்பு தேவையில்லை. கூட்டல், கழித்தல், சதவீதம் போதும். லாப நஷ்டக் கணக்கில் முதலில் தேய்மானத்தைப் பாருங்கள். மிஷின், கட்டிடம் பழசாவதற்காக வருடா வருடம் கணக்கில் மட்டும் கழிக்கிற தொகை அது. புதிய பிளான்ட் போட்ட கம்பெனி தேய்மானத்தைக் கழித்தபின் நஷ்டம் காட்டும். ஆனால் தேய்மானத்துக்காக அந்த வருடம் யாருக்கும் பணம் போகவில்லை. அதோடு பணப்புழக்க அறிக்கையையும் சேர்த்துப் படித்தால் தொழில் பணம் ஈட்டுகிறதா இல்லையா என்பது தெளிவாகிவிடும்.

அடுத்து, பின்னால் வரும் குறிப்புகளில் ‘தொடர்புடைய தரப்பினருடன் பரிவர்த்தனை’ என்ற தலைப்பு. வெளிநாட்டுத் தாய் நிறுவனத்துக்கு ராயல்டி, தொழில்நுட்பக் கட்டணம், நிர்வாகச் சேவைக் கட்டணம் என்று போகிற தொகைகள் அங்கே இருக்கும். இங்கே நஷ்டம் என்று சொல்லும் அதே வருடத்தில் ராயல்டி ஏறியிருந்தால் அது கேட்க வேண்டிய கேள்வி. ராயல்டி கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் அதைக் கொடுத்தபின் ‘உங்களுக்குத் தர ஒன்றும் இல்லை’ என்பது வேறு விஷயம்.

அப்புறம் ‘ஊழியர் நலச் செலவு’. இதில் மேனேஜர்கள் சம்பளமும் சேர்ந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்காகக் கொடுக்கும் பணம் பல கம்பெனிகளில் இந்தத் தலைப்பில் வருவதே இல்லை, ‘இதர செலவு’களுக்குள் போய்விடும். விற்பனையில் ஊழியர் செலவு எத்தனை சதவீதம் என்று ஐந்து வருடத்துக்குப் போடுங்கள். அது இறங்கிக்கொண்டே போய், இதர செலவு ஏறிக்கொண்டே வந்தால், நிரந்தர வேலை காண்ட்ராக்டாக மாறுகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். வேலை நடக்கும் ஷாப்பில் நீங்கள் கண்ணால் பார்ப்பதோடு அதை ஒப்பிட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நஷ்டம் உண்மையாகவே இருந்தால் அதையும் உறுப்பினர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கணக்கு தெரிந்த சங்கம் என்ற மரியாதை அப்படித்தான் வரும்.

எங்கள் ஆலையில் இரண்டு சங்கங்கள். புதுச் சட்டத்தில் 51 சதவீதம் இருந்தால்தான் பேச முடியும் என்கிறார்களே? வேலைநிறுத்தத்துக்கு என்ன விதி? (கோயம்புத்தூர்)

தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 2020-இல் வந்தது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கும் இடத்தில், மஸ்டர் ரோலில் (கம்பெனியின் தொழிலாளர் வருகைப் பதிவேட்டில்) உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதமோ அதற்கு மேலோ ஆதரவு உள்ள சங்கம்தான் ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால் பேச்சுவார்த்தைக் குழு. அதில் 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்களுக்கு, ஒவ்வொரு 20 சதவீதத்துக்கும் ஒரு பிரதிநிதி. 19 சதவீதம் வைத்திருக்கும் சங்கம் வெளியேதான் நிற்கும்.

எனவே உறுப்பினர் பதிவேடுதான் இனி உங்கள் முதல் ஆயுதம். பெயர், டோக்கன் நம்பர், சேர்ந்த தேதி, கையெழுத்து, சந்தா ரசீது எண் எல்லாம் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ‘நம்ம ஆளுங்கதான், சந்தா அப்புறம் வாங்கிக்கலாம்’ என்று விட்ட பெயர்கள் சரிபார்ப்பு நாளில் நிற்காது. ஒரு பொருளாளரையும் ஒரு துணைச் செயலாளரையும் உட்காரவைத்து ஒரு மாதத்தில் இதைச் சரிசெய்துவிடலாம்.

மஸ்டர் ரோலில் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் வருகிறவர்கள் ‘தொழிலாளி’ கணக்கில் இல்லை. காண்ட்ராக்டர் மஸ்டரில் இருக்கிறவர்கள் உங்கள் பக்கத்தில் அதே மிஷினை ஓட்டினாலும் கணக்கு வேறாகிவிடும். அவர்களைச் சங்கத்துக்கு வெளியே விட்டுவிட்டு 51 சதவீதத்தைப் பிடித்தாலும் அந்தச் சங்கத்துக்குப் பலம் குறைவுதான். இது என் உறுதியான கருத்து.

வேலைநிறுத்தம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியாமல் இறங்கக்கூடாது. சமரசப் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்து ஏழு நாட்கள் வரையிலும் கூடாது. ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கேஷுவல் லீவு போட்டாலும் அதுவும் வேலைநிறுத்தம்தான். இந்த விதிகள் கடுமையானவை, எதிர்க்க வேண்டியவை. எதிர்க்கிற வரையில் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

எங்கள் தலைவர் வெளியாள், வக்கீல். ‘உள்ளே இருக்கிறவர்களே தலைவராக இருக்க வேண்டும்’ என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். (ராணிப்பேட்டை)

சட்டப்படி ஒழுங்கமைந்த துறையில் நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அதுவரை வெளியாட்கள் இருக்கலாம். 1918-இல் சென்னையில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியபோது தலைவராக இருந்த பி.பி. வாடியாவும், உடன் நின்ற திரு.வி.க.வும் மில் தொழிலாளர்கள் இல்லை. அந்த மில்களை நடத்திய பின்னி நிர்வாகம் வாடியா மீது வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்த பிறகுதான் சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் வலுத்து, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. வேலை போய்விடும் என்ற பயம் இல்லாத ஒருவர் முன்னால் நிற்பதன் பலன் அது.

அதனால் வக்கீலை அனுப்ப வேண்டாம். ஆனால் பேச்சுவார்த்தைக்கு அவர் போகும் ஒவ்வொரு முறையும் இரண்டு இளைஞர்கள் கூட உட்காரட்டும். குறிப்பு எடுப்பது அவர்கள் பொறுப்பு. அடுத்த ஒப்பந்தத்தில் சில ஷரத்துகளை அவர்களே பேசட்டும்.

நூற்பாலையில் வேலை. பெண்களைப் பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. என்ன செய்யலாம்? (வேடசந்தூர் அருகே)

வகுப்பு எப்போது வைத்தீர்கள்? ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, நகரத்து மண்டபம் என்றால் யாரும் வர முடியாது. வாரத்தின் துணியெல்லாம் துவைக்கிற நாள் அது. மில் வேனில் போய் வருகிறவர்களுக்குத் தனியாக பஸ் ஏறி வருவது செலவு, வீட்டிலும் கேள்வி கேட்பார்கள். அவர்கள் குடியிருக்கும் ஊரிலேயே ஒன்றரை மணி நேரம் வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஹாஸ்டலில் இருக்கிறவர்களை எப்போது சந்திக்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள்.

உங்கள் மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது. 2022-இல் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற பெண்கள் தலைமையிலான சங்கம், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் என்ற ஆடை ஏற்றுமதி நிறுவனத்தோடு திண்டுக்கல் ஒப்பந்தம் போட்டது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் தனியே கையெழுத்திட்டன. பாலியல் தொல்லையும் சாதிப் பாகுபாடும் அதன் மையம். அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஷாப் ஃப்ளோர் மானிட்டர் ஏற்பாடு. வேலை செய்யும் பெண்களையே பயிற்சி கொடுத்து, தங்கள் லைனில் நடப்பதைக் கவனித்துப் புகாராக எடுத்துப் போகிறவர்களாக ஆக்கினார்கள். வெளியே இருந்து வருடம் ஒரு முறை வரும் ஆடிட்டரிடம் சொல்லாததைப் பக்கத்து மிஷின் அக்காவிடம் சொல்வார்கள்.

பயிற்சியில் சட்டப் பிரிவுகளை ஒப்பிக்க வைக்காதீர்கள். ‘சூப்பர்வைசர் இப்படிப் பேசினார். நீ அதை எப்படி எழுதுவாய்?’ என்று கேட்டு, தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் என ஐந்தையும் எழுத வையுங்கள். எழுதத் தெரியாதவர் குரல் பதிவாகச் சொல்லட்டும்.

வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று இலவசப் பயிற்சியும், சங்கத்துக்கு நிதியும் தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா? (சென்னை)

பயிற்சி வேறு, பணம் வேறு. வெளிநாட்டு நிதியைப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சங்கக் கணக்கில் வாங்கினால் வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் கீழ் சிக்கல். அந்தப் பக்கம் போகாதீர்கள். பயிற்சியை வாங்கலாம், ஆனால் பாடத்திட்டத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். உள்நாட்டிலும் வழி உண்டு. 1958-இல் தொடங்கிய மத்தியத் தொழிலாளர் கல்வி வாரியம் இப்போது தத்தோபந்த் தெங்கடி பெயரில் நாக்பூரைத் தலைமையகமாகக் கொண்டு இயங்குகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வுக்குத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு பிரிவும் இத்தாலியின் டூரின் நகரில் பயிற்சி மையமும் உண்டு. அங்கே போகிற வாய்ப்பு பெரும்பாலும் மத்தியச் சங்கங்கள் வழியாகத்தான் வரும்.

யாரை அனுப்பினாலும், திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் கிளையில் அதே பாடத்தை அவர் நடத்த வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானம் போடுங்கள். இல்லையென்றால் சான்றிதழ் ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்கும், சங்கத்துக்கு ஒன்றும் வராது.

நண்பருக்கு உள்விசாரணை. உதவியாளராக என்னை உட்காரச் சொல்கிறார். எனக்கு அனுபவம் இல்லை. (கும்மிடிப்பூண்டி)

தைரியமாக உட்காருங்கள். சார்ஜ் ஷீட்டை வரி வரியாகப் பிரித்து, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் நிர்வாகம் காட்டும் ஆதாரம் எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆதாரம் இல்லாத வரிகள் தானாகத் தெரியும். பதிவேடு, கேமரா பதிவு எதையும் நகலாகக் காட்டினால் மூலத்தைக் கேளுங்கள். மறுத்தால், மறுத்தது நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும்.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது கேள்வி குட்டையாக இருக்கட்டும். ‘நீங்கள் நேரில் பார்த்தீர்களா?’ ‘எத்தனை அடி தூரம்?’ ‘அன்றைக்கே எழுதிக் கொடுத்தீர்களா?’ ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள். சாட்சி நீளமாகப் பேச நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும். விசாரணை அதிகாரியோடு சண்டை வேண்டாம், ஆட்சேபணையை எழுதிக் கொடுங்கள்.

நண்பர் சஸ்பென்ஷனில் இருந்தால் அந்தக் காலத்துக்குத் தர வேண்டிய பிழைப்பூதியம் வருகிறதா என்று பாருங்கள். தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி முதல் 90 நாட்களுக்குச் சம்பளத்தில் பாதி, அதன்பின் தாமதத்துக்கு அவர் காரணம் இல்லையென்றால் 75 சதவீதம். தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுப் பிழைப்பூதியச் சட்டம் 180 நாட்களைத் தாண்டினால் முழுச் சம்பளம் என்கிறது. மனுவில் இரண்டையும் குறிப்பிடுங்கள். ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் அன்றைய குறிப்பை முழுக்கப் படித்த பிறகே அவர் கையெழுத்துப் போடட்டும், நகலை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். தமிழில் பேசியதை ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், தமிழில் எழுதித் தரும்படி முதல் அமர்விலேயே எழுத்தில் கேளுங்கள்.