பிரசாத வரிசையில் நின்ற மகன்

அன்புள்ள டாக்டர் அம்மா,

எனக்கு 61 வயது. ஹூஸ்டன் பக்கம் 28 வருடமாக இருக்கிறோம். ஒரே மகன், 30 வயது. பேஸ்பால் ஆடுகிறான். டிவியில் வருகிற மேஜர் லீக் இல்லை. அதற்குக் கீழே, மைனர் லீக். 2017-இல், அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டில், 18-ஆவது சுற்றில் எடுத்தார்கள். இதுவரை நான்கு அணி மாறிவிட்டான். ஆரம்பத்தில் வாரம் 290 டாலர், அதுவும் சீசன் மாதங்களுக்கு மட்டும். ஒரே ஃபிளாட்டில் ஆறு பேர், காற்றடிக்கிற மெத்தை. இப்போது டிரிபிள்-ஏ, மைனர் லீகின் மேல்படி. 2023-இல் வீரர் சங்கம் போட்ட ஒப்பந்தத்தில் அங்கே குறைந்தபட்சச் சம்பளத்தை வருடத்துக்கு 35,800 டாலர் ஆக்கியதையே பெரிய வெற்றி என்கிறான். கூடப் படித்தவர்கள் எல்லாம் வீடு வாங்கிவிட்டார்கள். இவன் அக்டோபரில் வந்து கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். இதற்காகவா அவனுக்கு ஒன்பது வயதிலிருந்து வாரம் நாலு நாள் கார் ஓட்டினேன்?

கல்யாணப் பேச்சு எடுத்தால் பெண் வீட்டார் அத்தோடு சரி. பேர்லாந்து மீனாட்சி கோயிலில் தெரிந்தவர் ஒருவர், "தம்பி என்ன பண்றாப்ல?" என்றார். சாஃப்ட்வேர் என்று சொல்லிவிட்டேன். (அவனும் பக்கத்தில் பிரசாதத் தட்டோடு நின்றான். ஒன்றும் சொல்லவில்லை.) அது போகட்டும்.

போன ஜூலையில் அவன் அணி சுகர் லேண்டுக்கு வந்திருக்கிறது. வீட்டிலிருந்து 20 நிமிடம். ஆறு நாள் ஆடிவிட்டு, ஹோட்டலிலேயே தங்கிப் போய்விட்டான். ஒரு ஃபோன் இல்லை. பிறகு இணையத்தில் பார்த்துத்தான் தெரிந்தது. பெற்றவர்களிடம் இப்படியா? எட்டு வருடம் போதாதா? விட்டுவிடு என்று எப்படிச் சொல்வது?

— பெயர் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

எட்டு வருடமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்? அதில் என் உதவி வேண்டியதில்லை.

நீங்கள் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்ட அந்தப் பிரசாத வரிசையை விட்டு என்னால் நகர முடியவில்லை. முப்பது வயது ஆள், கையில் தட்டு. தான் பார்க்கிற வேலையை அப்பாவே இல்லையென்று ஆக்குவதைக் கேட்கிறான். நாலு பேர் முன்னால் உங்கள் தலை குனியக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டான். அதை நீங்கள் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜூலையில் அதே மௌனத்தைத்தான் மரியாதைக் குறைவு என்கிறீர்கள். சாஃப்ட்வேரில் இருக்கிற மகன், "அப்பா, சுகர் லேண்டில் ஆடுறேன், வாங்க" என்று எந்த வாயால் கூப்பிடுவான்?

சம்பளம் குறைவுதான். மேலே போகாமலே அவன் ஆட்டம் முடிந்துவிடவும் கூடும். ட்ரூ மேகி 13 வருடம், 1,155 ஆட்டம் காத்திருந்து 2023 ஏப்ரலில் மேஜர் லீகில் கால் வைத்தார் என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். எனக்கு மைக் ஹெஸ்மன்தான் நினைவுக்கு வருகிறார். மைனர் லீகில் 433 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி), அமெரிக்காவில் அதுதான் சாதனை. மேஜர் லீகில் 14. அந்த 433-ஐ எந்த வேலை என்று மாற்றிச் சொல்வீர்கள்?

கல்யாணமும் வீடும் அவன் பாடு.

இன்னொன்று. சம்பளத்தை டாலர் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். மகன் பந்து வீசுகிறவனா, அடிக்கிறவனா, எந்தக் கை, சட்டையில் என்ன எண், ஒரு வரி இல்லை. வாரம் நாலு நாள் கார் ஓட்டியவருக்குத் தெரியாமல் இருக்காது. மார்ச்சில் பயிற்சி முகாமுக்குக் கிளம்பிவிடுவான். அதற்குள் ஒருமுறை அவனை அதே கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். அந்த நண்பர் வந்தால், மகன் என்ன ஆடுகிறான் என்பதை அவரிடம் சொல்லுங்கள். அவன் பக்கத்தில் நிற்கும்போதே.